தன்னைவிட மூத்தவருக்கும் அப்பா

நேயர்களுக்கு வணக்கம்.

1963-இல் வந்த 'கற்பகம்' படத்தில் எஸ்.வி. ரங்காராவ் மாமனார், ஜெமினி கணேசன் மருமகன். படம் பார்க்கிற யாருக்கும் அந்த உறவில் சந்தேகம் வராது. மகளைப் பறிகொடுத்த பிறகு மருமகனுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்க அந்த மனிதர் படுகிற பாடு, நம் தெருவில் நாம் பார்த்த ஒரு பெரியவரின் பாடு போலவே இருக்கும். ஆனால் ரங்காராவ் பிறந்தது 1918-இல், ஜெமினி பிறந்தது 1920-இல். இரண்டே வயதுதான் வித்தியாசம்.

இன்னொன்று சொல்கிறேன். 1965-இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'. எம்.ஜி.ஆர். கதாநாயகன், சரோஜாதேவி கதாநாயகி, சரோஜாதேவிக்கு அப்பா ரங்காராவ். எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரியில். அதாவது, மாமனாராகப் போகிறவரைவிட மாப்பிள்ளை ஒன்றரை வயது மூத்தவர்! தியேட்டரில் ஒருவருக்குக்கூட அது தோன்றியிருக்காது.

நான் சபா நாடகங்களில் முப்பது வருடம் அப்பா வேடம் போட்டவன். அந்த அனுபவத்தில்தான் என்னைப் பேச அழைத்தார்கள் என்று நினைக்கிறேன். இருபத்தெட்டு வயதில் முதல் அப்பா வேடம் கிடைத்தபோது தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு, கையை நடுக்கி, இருமி, முதுகை வளைத்து நடித்தேன். ஒத்திகை முடிந்ததும் எங்கள் இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டு, பக்கத்துத் தியேட்டரில் பழைய படம் ஒன்று ஓடுகிறது, போய் ரங்காராவைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். அந்தப் படம் 'படிக்காத மேதை'. மூன்று நாள் தொடர்ந்து போனேன். அந்த மனிதர் ஓரிடத்திலும் கையை நடுக்கவில்லை, இருமவில்லை. முதுமையை அவர் நடிக்கவே இல்லை என்பது மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. அவர் நடித்தது பொறுப்பை. ஒரு வீட்டின் பாரம் தன் தோளில் இருக்கிறது என்று தெரிந்த மனிதன் எப்படி உட்காருவான், எழுந்திருக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான், மகன் பேசும்போது எங்கே பார்ப்பான் என்பதை நடித்தார்.

அவருடைய முழுப்பெயர் சாமர்லா வெங்கட ரங்காராவ். ஆந்திராவில் அன்றைய கிருஷ்ணா மாவட்டத்து நூஸிவீடு சொந்த ஊர். ஆனால் சின்ன வயதில் பாட்டியோடு சென்னையில் வளர்ந்தார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அவர் தமிழை சினிமாவுக்காகக் கற்றுக்கொண்டவர் இல்லை, பையனாக இருந்தபோதே காதில் வாங்கியவர். அப்புறம் பட்டப்படிப்பு, தீயணைப்புத் துறையில் அதிகாரி வேலை, கூடவே நாடகம். முதல் படம் 'வரூதினி' ஓடவில்லை. சினிமா சரிப்படாது என்று ஜாம்ஷெட்பூர் போய் டாட்டா கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். விஜயா நிறுவனத்தின் முதல் படமான 'ஷாவுகாரு' 1950-இல் வந்தது. ஜானகி அம்மாவுக்கு 'சௌகார்' என்ற பட்டத்தைக் கொடுத்த அதே படம்தான். அதில் சுன்னப்பு ரங்கடு என்ற ஊர் ரவுடி வேடம் இவருக்கு. அதன் பிறகு அவர் வேறு வேலை தேட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஆண்டே 'பாதாள பைரவி'. தெலுங்கிலும் தமிழிலும் நேபாள மந்திரவாதி அவர்தான். அந்தப் படத்தில் அவர் எதிரில் நிற்கிறவனை 'டிம்பகா', அதாவது பையா, என்று கூப்பிடுகிற விதம் இருக்கிறதே, தெலுங்கு தெரிந்த வீடுகளில் இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்கலாம். தாடியும் நீளமான அங்கியும் பாதி வேலையைச் செய்தன என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கண்ணில் இருந்த ஆசைதான் ஜனங்களைப் பயமுறுத்தியது. மந்திரவாதி ஒரு காரியத்தில் மனதை வைத்து, கிடைக்கும்வரை விடமாட்டான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அந்தக் காலத்து இரண்டு மொழிப் படம் எப்படி எடுப்பார்கள் என்று கொஞ்சம் சொன்னால்தான் ரங்காராவ் செய்த வேலையின் அளவு புரியும். இப்போது ஒரு மொழியில் எடுத்து மற்றதில் குரல் சேர்த்துவிடுகிறோம். அப்போது வடபழனி வாகினி ஸ்டுடியோவில் ஒரே செட்டில் இரண்டு படம் எடுத்தார்கள். வசனமும் பெரும்பாலும் படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவாகும். 1955-இல் வந்த 'மிஸ்ஸம்மா'வையும் 'மிஸ்ஸியம்மா'வையும் எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் என்.டி. ராமராவ், தமிழில் ஜெமினி கணேசன். தெலுங்கில் நாகேஸ்வரராவ் செய்ததைத் தமிழில் தங்கவேலு செய்தார். ஆனால் சாவித்திரிக்கும் ஜமுனாவுக்கும் ரங்காராவுக்கும் மாற்று ஆள் கிடையாது. ஒரே காட்சியை இரண்டு மொழியில், இரண்டு வெவ்வேறு நடிகரோடு நடிக்க வேண்டும். என்.டி.ஆர். ஒரு வேகத்தில் பேசுவார், ஜெமினி இன்னொரு வேகத்தில் பேசுவார். எதிரில் நிற்கிறவர் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

வாய்க்கும் வேறு வேலை. தெலுங்கில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும், வாய் திறந்தபடியே அடுத்த சொல்லுக்குப் போகலாம். தமிழில் வந்தான், மகள், பால் என்று நாக்கு மேலே போய் ஒட்டி நிற்க வேண்டும். தெலுங்கு வீட்டில் வளர்ந்தவர்கள் தமிழ் பேசும்போது அந்த முடிவில் ஒரு சின்ன உகரம் தொங்கும். என் அம்மா தெலுங்கு, அதனால் இதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன் நான். ரங்காராவின் தமிழை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். வசனத்தின் கடைசிச் சொல்லை அவர் மெதுவாக இறக்கி வைப்பார், சுமையைத் தரையில் வைப்பது போல. அதனால் அந்த மெய்யெழுத்துக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும். அந்த நிதானத்தை நாம் கம்பீரம் என்று சொல்கிறோம். அவருடைய இரண்டு மொழி வாழ்க்கைக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

'மிஸ்ஸியம்மா'வில் அவர் ஜமீன்தார். பெண்ணைத் தொலைத்துவிட்டுப் பல வருடமாகத் தவிக்கிற அப்பா. புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லிக்கொண்டு வேலைக்கு வருகிற இருவரை ஒரு துளி சந்தேகமும் இல்லாமல் வீட்டில் வைத்துச் சீராட்டுவார். அவ்வளவு பெரிய உடம்புக்குள் அவ்வளவு வெகுளித்தனத்தை எங்கே வைத்திருந்தாரோ! நாலு வருடம் முன்பு இதே மனிதரைப் பார்த்துத்தான் குழந்தைகள் அம்மா மடியில் முகம் புதைத்தன.

1957-இல் 'மாயா பஜார்'. கே.வி. ரெட்டி இயக்கம், மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு. முதலில் தெலுங்கு, சில வாரத்தில் தமிழ். கடோத்கஜன் என்றாலே நமக்கு ரங்காராவ் முகம்தான். கல்யாண வீட்டுப் பண்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, லட்டுகள் தாமாகவே பறந்து வந்து வாயில் விழ, திருச்சி லோகநாதன் குரலில் 'கல்யாண சமையல் சாதம்'. தெலுங்கில் அதே காட்சிக்கு மாதவபெத்தி சத்யம் குரல். லட்டு பறந்தது பார்ட்லியின் கேமரா வித்தை. ஆனால் எந்த நடிகன் அந்த இடத்தில் உட்கார்ந்தாலும் லட்டு ருசித்திருக்குமா? இவர் விழுங்கும்போது நமக்கு நாக்கில் நீர் ஊறும். அரக்கன் சாப்பிடுகிறான் என்ற பயமே இருக்காது. வீட்டுக்கு வந்த பெரியப்பா வயிறாரச் சாப்பிடுகிற சந்தோஷம்தான் இருக்கும்.

அந்தப் படத்தில் அவர் திரையிலேயே இல்லாத ஒரு பகுதிதான் அவருடைய நடிப்புக்குப் பெரிய சாட்சி. கதைப்படி கடோத்கஜன் வத்சலையாக உருமாறி கௌரவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறான். ஆகவே சாவித்திரி, ரங்காராவ் ஒரு பெண்ணாக இருந்தால் எப்படி இருப்பாரோ அப்படி நடிக்க வேண்டும். யாரும் பார்க்காத நொடியில் நாணம் போய்விடும். தோள் விரியும், காலடி கனமாகும், தலை ஒரு பக்கம் நிமிரும். சேலை கட்டிய சின்னப் பெண்ணுக்குள் ரங்காராவ் நடப்பதை நாம் பார்ப்போம். சாவித்திரி அம்மாவின் மேதைமை அது, சந்தேகமே இல்லை. அதோடு இன்னொன்றும் உண்டு. ஒருவரின் உடல்மொழி அத்தனை தெளிவாக, அத்தனை தனியாக இருந்தால்தான் இன்னொருவர் அதை எடுத்து உடுத்திக்கொள்ள முடியும்.

இந்த இருவரையும் வைத்தே ஒரு மணி நேரம் பேசலாம். 'மிஸ்ஸியம்மா'வில் அப்பா, மகள். 'கை கொடுத்த தெய்வ'த்திலும் அப்பா, மகள். 1963-இல் 'கற்பகம்' வந்த அதே ஆண்டு தெலுங்கில் 'நர்த்தனசாலா' வந்தது. சாவித்திரி சைரந்திரி என்ற பெயரில் மறைந்து வாழும் திரௌபதி, ரங்காராவ் அவள்மேல் கண்வைக்கும் கீசகன். தமிழ்நாட்டில் ஒரு தியேட்டரில் சாவித்திரியிடம் பாசமாகப் பேசிய மனிதர், ஆந்திராவில் ஒரு தியேட்டரில் அதே சாவித்திரியைப் பார்த்த பார்வையில் ஜனங்கள் பல்லைக் கடித்தார்கள். அந்தக் கீசகனுக்காக 1964-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

தெலுங்கில் அவரை விஸ்வநட சக்கரவர்த்தி என்று கொண்டாடுகிறார்கள். அங்கே அவர் கீசகன், துரியோதனன், இரணியன், எமன், அக்பர் எல்லாம். நம்மிடம் அவர் முக்கியமாக அப்பா. தமிழ் சினிமா அவருக்குக் கொஞ்சம் குறைவாகவே தீனி போட்டது என்று தெலுங்கு நண்பர்கள் என்னிடம் வருத்தப்படுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதை, கிரீடம் இரண்டும் துணைக்கு நிற்கும்போது பெரியதாக நடிப்பது ஒரு திறமை. நாற்காலியில் சாய்ந்து, தோளில் ஒரு துண்டோடு, பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே காட்சி என்றால் அதில் எதை நடிப்பது? அதை அவர் தமிழில்தான் அதிகம் செய்துகாட்டினார் என்பது என் கட்சி. அவர் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். எதிரில் பேசுகிறவர் நன்றாக நடிப்பது போல நமக்குத் தோன்றும். அதில் பாதி இவர் கொடுத்தது.

இயக்கமும் செய்தார். 1967-இல் தமிழில் கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கண் கண்ட தெய்வம்' படத்தில் இவரும் எஸ்.வி. சுப்பையாவும் அண்ணன் தம்பி. அந்தக் கதை அவரை விடவில்லை போலிருக்கிறது. அடுத்த ஆண்டே 'பாந்தவ்யாலு' என்று தெலுங்கில் தானே இயக்கினார், ஆந்திர அரசின் நந்தி விருதும் வாங்கினார். தமிழிலிருந்து தெலுங்குக்கு ஒரு குடும்பத்தையே கையைப் பிடித்து அழைத்துப் போன மாதிரி.

1974 ஜூலை 18-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது ஐம்பத்தாறு. எனக்கு இப்போது அதைவிட வயது அதிகம், ஆனாலும் அவர் படத்தைப் பார்க்கும்போது பெரியவர் எதிரில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது. 2013-இல் இந்திய சினிமாவின் நூற்றாண்டுக்கு வெளியான தபால்தலைகளில் அவருடையதும் ஒன்று. என் பேரனிடம் காட்டினேன். யார் தாத்தா இவர் என்று கேட்டான். கல்யாண சமையல் சாதம் என்று ஆரம்பித்தேன், உடனே சிரித்துவிட்டான்.

நிலையத்தார் இசைத்தட்டைத் தயாராக வைத்துக்கொண்டு எனக்குச் சைகை காட்டுகிறார்கள். பாடலுக்கு முன் ஒரு நிமிடம். 'படிக்காத மேதை'யில் ரங்கன் அந்த வீட்டில் வளர்ந்த அனாதைப் பையன், படிப்பு வாசனை இல்லாதவன், வீட்டுக்காகத் தேய்ந்தவன். சிவாஜி நடித்த வேடம். நிஜத்தில் ரங்காராவுக்கும் சிவாஜிக்கும் பத்து வயதுதான் இடைவெளி. அந்தப் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பிய பிறகு பெரியவருக்குத் தாங்கவில்லை. அப்போது பாரதியார் கண்ணனைச் சேவகனாக நினைத்துப் பாடிய பாட்டு வருகிறது. கே.வி. மகாதேவன் இசை, சீர்காழி கோவிந்தராஜன் குரல். 'நண்பனாய், மந்திரியாய், நல்லாசிரியனுமாய், பண்பிலே தெய்வமாய், பார்வையிலே சேவகனாய்' என்று சீர்காழி ஏறும் இடத்தில், வானொலியில் உங்களால் பார்க்க முடியாத அந்த முகத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். கேட்கலாம்.