நினோச்கா: தொப்பி வாங்கிய தோழர்

[திரையில்: கறுப்பு வெள்ளைக் காட்சி. பாரிஸ் ரயில் நிலையம்.]

மாஸ்கோவிலிருந்து ஓர் உயர் அதிகாரி வருகிறார். வரவேற்கப் போன மூன்று ரஷ்யர்களுக்கு அவரை அடையாளம் தெரியாது. தாடிக்காரர் ஒருவரைப் பார்த்து, இவர்தான் நம் தோழராக இருக்கும் என்று பின்னாலேயே போகிறார்கள். அந்த ஆள் யாரையோ கண்டதும் கையை நீட்டி ‘ஹெய்ல் ஹிட்லர்’ என்கிறார். மூவரும் அதே வேகத்தில் திரும்புகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு பிளாட்பாரத்தில் மிச்சம் நிற்பது ஒரு பெண். பெட்டியைத் தூக்க வந்த போர்ட்டரிடம், இதை ஏன் நீங்கள் சுமக்க வேண்டும் என்று கேட்கிறாள். அது என் தொழில் என்கிறார் அவர்.

“இது தொழில் இல்லை, சமூக அநீதி.”

“அது நீங்கள் தரும் டிப்ஸைப் பொறுத்தது.”

ஒரே காட்சியில் நாஜிகள், கம்யூனிஸ்டுகள், முதலாளித்துவம் என்று மூவருக்கும் ஆளுக்கொரு குட்டு. ‘நினோச்கா’ படம் முழுக்க இப்படித்தான் போகும்.

[திரையில்: பட போஸ்டர். “கார்போ சிரிக்கிறார்!”]

எம்.ஜி.எம். நிறுவனம் 1939-இல் வெளியிட்ட படம் இது. இயக்கியவர் எர்ன்ஸ்ட் லுபிட்ச், பெர்லினில் பிறந்த யூதர். மூலக்கதை ஹங்கேரிக்காரரான மெல்கியோர் லெங்யெலுடையது. திரைக்கதை எழுதிய மூவரில் ஒருவர் பில்லி வைல்டர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு ஓடி வந்தவர். மற்ற இருவர் சார்லஸ் பிராக்கெட், வால்டர் ரைஷ். ஐரோப்பாவை விட்டு வந்தவர்கள் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து உருவாக்கிய பாரிஸ் இது. நிஜ பாரிஸைவிட அழகாக இருந்தால் ஆச்சரியமில்லை.

கதை எளிது. புரட்சியின்போது ஸ்வானா என்ற கோமகளிடமிருந்து பறித்த நகைகளை விற்கச் சொல்லி, சோவியத் அரசு மூன்று பேரை பாரிஸுக்கு அனுப்புகிறது. அவர்கள் நேராக ஆடம்பர ஹோட்டலின் ராஜ அறையில் தங்கிவிடுகிறார்கள். மனசாட்சி உறுத்தும்போது, லெனின் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பார்கள். லெனின் எப்போதும் இவர்களுக்கு வசதியான பதிலைத்தான் சொல்வார்! அதே ஊரில் அகதியாக வாழும் ஸ்வானா நகைகளைத் திருப்பிக் கேட்கிறாள். அவளுக்காக வழக்கு போடுபவன் அவளுடைய காதலன் லியோன். பிரபுப் பட்டம் உண்டு, வேலை கிடையாது. இந்தச் சிக்கலைத் தீர்க்க வருபவள்தான் நினோச்கா. சோக வேடங்களுக்குப் பெயர்போன கிரேட்டா கார்போ நடித்திருக்கிறார். லியோனாக மெல்வின் டக்ளஸ்.

மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அவர்கள் காதலிப்பார்கள் என்பது போஸ்டரிலேயே தெரிந்துவிடும். கொள்கையே உயிர் என்று இருப்பவள் மாறுவதை நம்பும்படி காட்டுவது எப்படி? எழுத்தாளர்கள் திணறியது அங்கேதான். வைல்டர் பின்னாளில் சொன்ன கதை இது: பேசிப் பேசிக் களைத்திருந்த ஒரு நாள், கழிவறைக்குப் போன லுபிட்ச் வெளியே வந்து, “தொப்பிதான் விடை” என்றாராம்.

[திரையில்: கண்ணாடிப் பெட்டிக்குள் கூம்பு வடிவத் தொப்பி.]

அந்தத் தொப்பி படத்தில் மூன்று முறை வருகிறது. முதல் முறை ஹோட்டல் கடையின் கண்ணாடிக்குள் பார்க்கிறாள். பெண்கள் தலையில் இப்படி ஒன்றை வைக்க விடும் நாகரிகம் எப்படிப் பிழைக்கும், இன்னும் ரொம்ப நாள் தாங்காது தோழர்களே என்கிறாள். அடுத்த முறை கடந்து போகும்போது ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். மூன்றாவது முறை, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைத் தாழிட்டு, பூட்டிய இழுப்பறையைத் திறக்கிறாள். உள்ளே அதே தொப்பி.

கவனித்துப் பாருங்கள், தொப்பி கடைசிவரை அசிங்கமாகத்தான் இருக்கிறது. முதலாளித்துவம் அழகானது என்று படம் எங்கேயும் நிரூபிக்கவில்லை. உபயோகமில்லாத ஒன்றுக்கு ஆசைப்பட மனிதர்களுக்கு உரிமை உண்டு என்பது மட்டும்தான் லுபிட்சின் வாதம். அதையும் வசனமாகச் சொல்லவில்லை. (கார்போ ஸ்டாக்ஹோமில் இளம்பெண்ணாக இருந்தபோது ஒரு பெரிய கடையின் தொப்பிப் பிரிவில் வேலை பார்த்தவர்.)

அப்புறம், போஸ்டர் சொன்ன அந்தச் சிரிப்பு. தொழிலாளிகள் சாப்பிடும் சின்ன உணவகம். அவள் பச்சைப் பீட்ரூட்டும் கேரட்டும் கேட்க, இது உணவகம், மேய்ச்சல் நிலமில்லை என்கிறார் கடைக்காரர். லியோன் ஒன்றன்பின் ஒன்றாக ஜோக் சொல்கிறான். ஒருவன் கிரீம் இல்லாத காபி கேட்டானாம். மன்னிக்கவும், கிரீம் தீர்ந்துவிட்டது, பால் இல்லாத காபி தரட்டுமா என்றாராம் சர்வர். சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கோபத்தில் அவன் பின்னால் சாய, மேஜை நாற்காலியோடு தரையில் விழுகிறான். அவள் வெடித்துச் சிரிக்கிறாள். ஒரு பிரபு தரையில் கிடப்பதைப் பார்த்து ஒரு போல்ஷெவிக் சிரிக்காமல் எப்படி இருப்பாள்? கார்போ முந்தைய படங்களிலும் சிரித்தவர்தான். விளம்பரக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

[திரையில்: 1939 நாளிதழ்களின் முதல் பக்கங்கள்.]

இப்போது தேதியைக் கவனியுங்கள். 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டார்கள். செப்டம்பரில் போர் தொடங்கியது. படம் அதற்கப்புறம்தான் திரைக்கு வந்தது. அதனால் தொடக்கத்திலேயே ஓர் எழுத்து அட்டை: ஒரு பிரெஞ்சுக்காரர் விளக்கை அணைத்தால் அது விமானத் தாக்குதலுக்குப் பயந்து அல்ல என்றிருந்த அந்த நல்ல காலத்தில் நடக்கும் கதை இது, என்று. ஷாம்பெயின் போதையில் நினோச்கா உலக மக்களுக்கு ஓர் உரை ஆற்றுவாள். குண்டுகள் விழும், நாகரிகங்கள் இடியும், ஆனால் தயவுசெய்து இப்போதே வேண்டாம் என்பாள். எங்களுக்கும் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கெஞ்சுவாள். கதைப்படி அவள் குடித்திருக்கிறாள். அன்றைய அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது போதைப் பேச்சாகக் கேட்டிருக்காது.

உறுத்தும் இடமும் ஒன்று உண்டு. ஊரில் என்ன விசேஷம் என்று கேட்கும் தோழர்களிடம் நினோச்கா சொல்வாள்: “கடைசியாக நடந்த விசாரணைகள் பெரிய வெற்றி. இனி ரஷ்யர்கள் குறைவாக இருப்பார்கள், ஆனால் தரமாக இருப்பார்கள்.” ஸ்டாலினின் களையெடுப்பில், 1937, 38 இரண்டே ஆண்டுகளில், சோவியத் ஆவணங்களின்படியே, 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கணக்கு அன்று வெளியே வரவில்லை, ஆனால் விசாரணைகள் பற்றி உலகமே அறிந்திருந்தது. எனக்கு அந்த வசனத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். லுபிட்ச் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். அதனால்தான் அவள் அதைத் துளிகூட நக்கல் இல்லாமல் சொல்கிறாள்.

இந்தப் பக்கமும் தப்பவில்லை. காதலியைப் புரிந்துகொள்ள லியோன் மார்க்ஸ் படிக்கத் தொடங்குகிறான். பயந்துபோவது அவனுடைய வேலைக்காரர் காஸ்தோன்தான். இரண்டு மாதச் சம்பளம் வராததுகூடப் பரவாயில்லை ஐயா, என் சேமிப்பில் பாதியை உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றால்தான் தாங்காது என்கிறார். பொதுவுடைமை பற்றி இரண்டு பக்கக் கட்டுரைகளில் கிடைக்காத தெளிவு!

சரி, படம் நிஜ அரசியலையும் தொட்டது. 1948-இல் இத்தாலியில் கம்யூனிஸ்டுகள் ஜெயித்துவிடுவார்களோ என்று பயந்த அமெரிக்கா, தேர்தலுக்கு முன் இந்தப் படத்தை அங்கே பரவலாகத் திரையிட உதவியது. இன்னொரு வேடிக்கை, போல்ஷெவிக்கை மயக்கிய மெல்வின் டக்ளஸின் மனைவி ஹெலன் ககன் டக்ளஸ் பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். 1950-இல் செனட் தேர்தலில் அவரைக் கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்று தூற்றித் தோற்கடித்தவர் ரிச்சர்ட் நிக்சன்.

[திரையில்: இஸ்தான்புல் உணவகம்.]

பிற்பாதியில் மாஸ்கோ. லியோனின் கடிதம் வருகிறது. தணிக்கையில் எல்லா வரிகளும் கறுப்பு, மிஞ்சியது அழைப்பும் கையெழுத்தும்தான். பழைய மூன்று தோழர்களும் ஆளுக்கொரு முட்டை கொண்டுவந்து சேர்ந்து ஆம்லெட் போடுகிறார்கள். வறுமையைக் காட்டும் காட்சிதான், ஆனால் படத்திலேயே நட்பு மிக நிறைந்த காட்சியும் அதுவே. மாஸ்கோ மனிதர்களை லுபிட்ச் கேலி செய்யவில்லை. அவர்களை ஆள்பவர்களைத்தான் செய்கிறார்.

முடிவில் அந்த மூவரும் இஸ்தான்புல்லில் உணவகம் திறந்துவிடுகிறார்கள். காதலர்கள் சேர்ந்தாயிற்று, இசை எழுகிறது, படம் முடிந்தது என்று எழப் போகிறோம். கேமரா வாசலுக்குப் போகிறது. விளக்குப் பலகையில் இரண்டு பேர் பெயர்தான் எரிகிறது. மூன்றாமவர் கோபால்ஸ்கி கையில் ஒரு தட்டியோடு தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்: “புல்யானோஃபும் இரானோஃபும் கோபால்ஸ்கிக்கு அநீதி செய்கிறார்கள்!”