கொஜிராவின் குரல்

வணக்கம். சினிமாவைப் பற்றி வானொலியில் பேசுவது கொஞ்சம் விபரீதமான வேலை. அதனால் ஒரு சத்தத்திலிருந்து தொடங்குகிறேன்.

காட்ஸில்லா, ஜப்பானியப் பெயரில் கொஜிரா, ஹைட்ரஜன் குண்டுச் சோதனை கிளப்பிவிட்ட ராட்சத சினிமா மிருகம். அதன் உறுமல். படம் பார்க்காதவர்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். 1954இல் இஷிரோ ஹோண்டா ஜப்பானில் எடுத்த 'கொஜிரா'வில் பிறந்த சத்தம் அது. முதலில் மிருகங்களின் குரலைப் போட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனைப்படி டபுள் பாஸ் வாத்தியத்தை எடுத்தார்கள். ஆளுயரத்துக்கு ஒரு வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் அழுத்தி இழுத்தார்கள். பதிவான ஒலியை வேகம் குறைத்து ஓட்டினால், வந்துவிட்டது பூதம்! எண்ணெய் போடாத ஊஞ்சல் கொக்கி முனகுமே, அந்த இனம்தான். வீட்டில் நான் இதை ஆரம்பித்தாலே எழுந்துபோய்விடுகிறார்கள். நீங்களாவது உட்காருங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். அந்த வருடம் மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் கதிர்வீச்சுச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதில் இருந்தவர்கள் 23 பேர். செப்டம்பரில் படகின் வயர்லெஸ் ஆபரேட்டர் இறந்துபோனார். நவம்பர் 3ஆம் தேதி 'கொஜிரா' வெளியானது. தொடக்கக் காட்சியில் நடுக்கடலில் ஒரு மின்னல் வெளிச்சம், எரியும் கப்பல், உதவி கேட்டு வயர்லெஸ் தட்டும் ஒரு மனிதன். கொட்டகையில் இருந்தவர்களுக்கு அது என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1956இல் அமெரிக்காவில் இதே படத்தை வெட்டி ஒட்டினார்கள். ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்க நிருபராக நுழைத்தார்கள். ஜப்பானிய நடிகர்களோடு அவர் பேசுவது போலிருக்கும். கவனித்தால், எதிரே நிற்பவரின் முதுகுதான் தெரியும்! அது டூப். நம் ஊர் டப்பிங் படங்களில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும்; இங்கே ஆளே வேறு. எனக்கு அந்த முதுகுகள் மேல் தனிப் பிரியம்.

ஆனால், 96 நிமிடப் படம் 80 நிமிடமானது. அந்த 80இல் பர் வரும் காட்சிகளும் அடக்கம் என்றால், எவ்வளவு போயிருக்கும்? ரயிலில் ஒரு பெண், நாகசாகியில் தப்பியும் இப்போது இதுவா என்று அலுத்துக்கொள்வாள். அது போயிற்று. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கொஜிரா வரும் என்று விஞ்ஞானி கடைசியில் எச்சரிப்பார். அதுவும் போயிற்று. உறுமலை மட்டும் யாரும் தொடவில்லை. வேடிக்கை, 1957இல் இந்த ஒட்டுப்படமே ஜப்பானுக்குத் திரும்பிப்போய் அங்கும் ஓடியது.

எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. உலகம் காட்ஸில்லாவை அறிந்தது பர் வழியாகத்தான். அந்த ரயில் பெண்ணை இறக்கிவிட்டதுதான் உறுத்துகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் தெரிகிறது, இன்னும் இரண்டு நிமிடம்தான். 1977இல் இத்தாலியில் லூயிஜி கோட்ஸி அமெரிக்கப் பிரதிக்கே வண்ணம் பூசிப் போர்க்காலச் செய்திப்படங்களைச் செருகினாரே, அது பெரிய கதை, இன்று முடியாது. ஒன்று மட்டும். 2023இல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. அந்த வண்ணப் படத்தை மறு வருடமே கறுப்பு வெள்ளையாக்கி வெளியிட்டார்கள். கிடைத்தால் பாருங்கள், விளக்கை அணைத்துவிட்டு. வணக்கம்.