விரல் பட்டுப் பாடிய இசைத்தட்டு

நண்பர்களே, 'லத்தலாந்த்' என்ற பிரெஞ்சுப் படம் முடிந்து விளக்கைப் போட்டதும் இரண்டு பேர் கேட்டார்கள்: "இதில் கதை எங்கே சார்?" நியாயமான கேள்விதான். சரக்குப் படகு ஓட்டும் ழான் ஒரு கிராமத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். அவளுக்குப் பாரிஸ் பார்க்க ஆசை. ஒருநாள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாள். அவன் வீம்புக்குப் படகை எடுத்துவிடுகிறான். அப்புறம் இருவரும் தவிக்கிறார்கள். 'லத்தலாந்த்' அவ்வளவுதான்.

ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய படம் இது. 1934இல் வந்தது. பிரெஞ்சு சினிமா பேசத் தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பல படங்களில் நடிகர்கள் மேடை நாடகம் மாதிரி வரிசையாக நின்று பேசிக்கொண்டிருந்த காலம். இயக்குநர் ழான் விகோ என்ன செய்கிறார்? படகில் வேலை செய்யும் ழூல் கிழவர் பழைய இசைத்தட்டு ஒன்றை எடுத்து, ஊசிக்குப் பதில் விரலை வைத்துத் தேய்க்கிறார். பாட்டு வருகிறது! விரலை எடுக்கிறார், நின்றுவிடுகிறது. மறுபடி வைக்கிறார், வருகிறது. திரும்பிப் பார்த்தால், படகுப் பையன் அக்கார்டியனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும்தான், எத்தனையாவது தடவையோ. ஆனால் அந்த ஒரு நொடி, தட்டுதான் பாடுகிறது என்று நாமும் நம்பினோம் இல்லையா? பேசும் படம் என்ற வித்தையையே விகோ அங்கே பிரித்துக் காட்டிவிடுகிறார். (கிழவராக வரும் மிஷேல் சிமோனுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்த நடையைப் பார்த்தால் நம்ப முடிகிறதா?)

தண்ணீருக்குள் மூழ்கி ழான் மனைவியின் முகத்தைத் தேடும் காட்சியைத்தான் எல்லாரும் புகழ்வார்கள். போரிஸ் காஃப்மனின் ஒளிப்பதிவு, புகழட்டும். எனக்கு அதைவிடப் பாரிஸில் வரும் அந்தப் பாட்டுக் கடைக் காட்சி பெரிது. தனிமை தாங்காமல் அவள் படகுக்காரர்களின் பாட்டைப் போட்டுக் கேட்கிறாள். அது ஒலிபெருக்கி வழியே தெருவுக்கு வர, அவளைத் தேடி அலையும் கிழவர் காதில் விழுகிறது. அவ்வளவு பெரிய பாரிஸில் அவளைக் கண்டுபிடித்தது கண் இல்லை, காது.

இப்படிப்பட்ட படத்தை வினியோகித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடாது என்று பயந்து வெட்டினார்கள். மொரீஸ் ழோபேரின் இசை இருந்த இடங்களில் அப்போது பிரபலமாக இருந்த ஒரு பாட்டைத் திணித்து, பெயரையும் அந்தப் பாட்டின் பெயராகவே மாற்றி வெளியிட்டார்கள். காசநோயில் படுத்துவிட்ட விகோவால் சண்டை போட முடியவில்லை. அக்டோபர் 5ஆம் தேதி இறந்துபோனார். வயது 29.

1990இல் பழைய பிரதிகளை வைத்துப் படத்தைச் சீரமைத்தார்கள். இன்று நாம் கேட்டது ழோபேரின் இசை.