மல்லிகை ஒரு முழம் 12 வெள்ளி!

வணக்கம் மக்களே, பசியாறியாச்சா? முதலில் பூ விலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு முழம் மல்லிகை 12 வெள்ளி, அதாவது 12 ரிங்கிட்! போன மாதம் அதே கடையில் 7 வெள்ளிக்கு வாங்கி உங்களுக்குக் காட்டினேனே, ஞாபகம் இருக்கா? மழை, வரத்து இல்லை என்றார்கள். 10க்குக் கேட்டேன், அசையவில்லை. மல்லிகை இல்லாமல் நான் மாரியம்மன் கோவிலுக்குப் போக மாட்டேன், அது உங்களுக்கே தெரியும், அதனால் வாங்கிவிட்டேன்.

சரி, அன்றைக்கு ஏன் போனேன் என்றால், போன வீடியோவுக்குக் கீழே ஒருவர், "கோவில் சரி, தர்காவுக்கு எதற்குப் போகிறாய், அது நம்முடையதா?" என்று எழுதியிருந்தார். எனக்குத் தூக்கமே வரவில்லை. என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறும்போது நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டுதான் ஏறினார். பினாங்கில் இறங்கினால் சூலியா ஸ்திரீட்டில் அதே ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. நம் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1800களின் தொடக்கத்திலேயே எழுப்பியது. இது எப்படி நம்முடையது இல்லாமல் போகும்?

குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவில் 1833இல் வந்தது. அதற்கு முன்பே, 1801இல், காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் தலைமையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வந்துவிட்டது. அந்தப் பள்ளிவாசல் இருக்கும் தெருவிலேயே சீனர்களின் குவான் யின் கோவில், கொஞ்சம் தள்ளி செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அட, சொல்ல மறந்துவிட்டேன், 1818இல் முடிந்த அந்தத் தேவாலயத்தைக் கட்டியதே இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள்தான். யாரும் அவர்களை நினைப்பதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். தைப்பூசத்தில் தேர் வரும் வழியில் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைக்கிறார்களே, அவர்களிடம் போய் இது உங்களுடையதா என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா?

பூவுக்கு வருகிறேன். பாதியை அம்மனுக்குக் கொடுத்துவிட்டு மீதியை தர்காவுக்கு எடுத்துப்போனேன், பாட்டியும் அப்படித்தான் செய்வார். அங்கிருந்த நானா, நம் முஸ்லிம் அண்ணன், வாங்கி வைத்துவிட்டு, "எவ்வளவுக்கும்மா வாங்கினே?" என்றார். 12 என்றேன். "பன்னிரண்டா!" என்று அவருக்கும் கோபம் வந்துவிட்டது, அடுத்த தடவை எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று வாசல்வரை வந்து கைகாட்டினார்.