இது வெளிச்சமா, நிழலா?

(சேலத்தில் ஓவியம் பயிலும் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மேஜை மீது ஒரு மல்கோவா மாம்பழம் இருக்கிறது. காலையில் கடைவீதியில் வாங்கியது. பேச்சு முடியும் வரை அது அங்கேயே இருக்கட்டும்.

இதை வரையச் சொன்னால் பலரும் முதலில் விளிம்புக்கோடு போடுவீர்கள். பிறகு பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஓரமெல்லாம் தீட்டி, விரலால் தேய்த்துத் தேய்த்துப் பழத்தை உருட்டப் பார்ப்பீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வரைந்தேன். தேய்க்கத் தேய்க்கத் தாள் அழுக்கானதே தவிர, பழம் திரளவில்லை. வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று நான் ஒரு தடவைகூட முடிவு செய்ததில்லை. சாம்பல் நிறம் அந்த முடிவைத் தள்ளிப்போட இடம் கொடுத்துவிடுகிறது.

ஆகவே சாம்பலை எடுத்துவிடுங்கள். வெளிச்சம் படும் இடம் தாளின் வெள்ளை. படாத இடம் ஒரே கருப்பு. இடையில் எதுவும் கிடையாது. தூரிகையும் கருப்பு மையும் போதும்; தடித்த மார்க்கர் பேனாவானாலும் சரி. தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் போட்டு அதற்குள் வரையுங்கள். அவ்வளவு சின்ன இடத்தில் நுணுக்கம் பண்ண முடியாது என்பதுதான் அதன் நன்மை.

இப்போது பழத்தைப் பாருங்கள். இடப்பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம் வருகிறது. கண்ணை இடுக்கிப் பாருங்கள். காம்புக் குழியில் தொடங்கும் ஓர் எல்லை, பழத்தின் வயிற்றோடு புடைத்து இறங்கி, மூக்குக்கு மேலே சட்டென்று உள்வாங்கி வளைகிறது. அதற்கு இப்பால் வெளிச்சம், அப்பால் நிழல். விளிம்புக்கோட்டை விட அந்த எல்லைதான் பழத்தின் உடம்பைச் சொல்கிறது. ஜன்னலை மூடினால் அது போய்விடும். விளக்கை நகர்த்தினால் அதுவும் நகரும்.

இனி அடிப்பக்கம். பழத்தின் மேலுள்ள நிழலும் மேஜையில் விழுந்திருக்கும் நிழலும் அங்கே கைகோத்துக்கொள்கின்றன. இரண்டையும் ஒரே கருப்பாக அப்புங்கள். இங்கேதான் மாணவர்களின் கை தயங்குகிறது. பழத்தின் அடிவிளிம்பு காணாமல் போகிறதே என்று நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். காணாமல் போகட்டும். பார்ப்பவரின் கண் அந்த விளிம்பைத் தானே போட்டுக்கொள்ளும். இன்னொரு சோதனையும் அங்கேயே இருக்கிறது. மேஜை விரிப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பழத்தின் அடியில் லேசாக மினுங்குகிறது. வெளிச்சம் போலத் தோன்றும். ஆனால் ஜன்னல் வெளிச்சம் நேராகப் படாத இடம் அது. கருப்புதான்.

அதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. பழத்துக்குப் பக்கத்தில் கருங்கல் குழவி ஒன்றை வைக்கிறேன். ஜன்னல் பக்கம் இருக்கும் அதன் கன்னத்தை என்ன செய்வீர்கள்? "கல் கருப்பாயிற்றே" என்று மை பூசப் போவீர்கள். கூடாது. வெளிச்சம் படுகிறது, ஆகவே வெள்ளை. நிழலில் மடிந்து கிடக்கும் வெள்ளை வேட்டி கருப்பு. பொருளின் நிறத்தை நாம் கேட்கவில்லை. அதன் மேல் வெளிச்சம் படுகிறதா என்று மட்டுமே கேட்கிறோம். பெயரும் நிறமும் மறந்து பார்க்க இந்தப் பயிற்சியைப் போல வேறொன்று எனக்கு உதவியதில்லை.

வெளியே வரையப் போகிறவர்கள் நேரம் பார்த்துப் போங்கள். சேலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரை டிகிரியைச் சற்றுத் தாண்டிய ஊர். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நட்டு வைத்த கம்பின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் நிழல் நீண்டு, சுவரும் மரமும் தங்கள் வடிவத்தைத் தாமே பிரித்துக் காட்டும். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனத்தின் நுழைவாயில் வளைவை அந்த வேளையில் வரைந்து பாருங்கள். 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனத்தில் எத்தனையோ கருப்பு வெள்ளைப் படங்கள் உருவாயின. இந்தக் கணக்கையே விளக்குகளை வைத்துப் போட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள். ஒன்று மட்டும்: சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. முதல் பத்து நிமிடத்தில் நிழலின் எல்லையைக் குறித்துவிட்டு, பிறகு அதைத் துரத்தாதீர்கள்.

ஒருமுறை மாணவர்கள் சிலரோடு ஏற்காட்டுக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வெயிலில் கடந்து மேலே போனால், காப்பித் தோட்டம் முழுக்க மூடுபனி. நிழல் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. திரும்பிவிடலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். நானும் ஒரு கணம் தடுமாறினேன். பிறகுதான் பிடிபட்டது: கேள்வியை மாற்ற வேண்டும். அருகில் இருந்த சில்வர் ஓக் மரமும் அதைச் சுற்றி ஏறியிருந்த மிளகுக் கொடியும் கருத்துத் தெரிந்தன. அடுத்த வரிசை மரங்கள் வெளிறி, அதற்கப்பால் மலையே வானத்தோடு கலந்துவிட்டது. அங்கே கேட்க வேண்டியது "வெளிச்சமா, நிழலா" என்பதல்ல. "அடர்ந்ததா, வெளிறியதா" என்பது. ஜப்பானியர்கள் இதை நோட்டன் என்கிறார்கள். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டோ 1899-இல் தன் பாடநூலில் கோடு, நோட்டன், நிறம் மூன்றையும் ஓவிய அமைப்பின் அடிப்படைகளாக வைத்தார். இரண்டு பயிற்சிக்கும் மை ஒன்றுதான், கேள்வி வேறு. இரண்டையும் ஒரே படத்தில் குழப்பிக்கொள்வதால்தான் பல படங்கள் பாதியில் சிதறுகின்றன. அன்று நாங்கள் நண்பகல் வரை அந்த ஒரு மரத்தையே வரைந்தோம். திரும்பலாமா என்று கேட்ட மாணவிதான் கடைசியாக எழுந்தாள்.

பேசியது போதும். இந்தக் கூடத்தின் விளக்குகளை அணைக்கச் சொல்கிறேன். இடப்பக்க ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். ஆளுக்கு ஒரு தாள், ஆறு கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஐந்து நிமிடம். பழத்தின் மூக்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.