ஒரு வருடம் கழித்து வரும் போன்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். முதுகெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துப் போனில் கூப்பிட்டு விசாரிப்பதும், முடிந்தால் நேரில் வரச் சொல்வதும் என் வேலைதான். ஆபரேஷனால் உண்மையில் எவ்வளவு பலன் என்று பார்க்கும் மருத்துவ ஆய்வின் ஒரு பகுதி இது.

கூப்பிட்டால் முதலில் வரும் பதில், "பணம் ஏதும் கட்டணுமா?" அடுத்தது, "நல்லாத்தான் இருக்கேன், அப்புறம் எதுக்கு வரணும்?" நியாயமான கேள்வி. நெய்வேலியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து போனால் ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பண்ருட்டிப் பக்கம் பலா மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டு வந்த ஒருவர் ஐசியூவில் இருந்தார். அவர் மனைவி மானிட்டரைப் பார்த்துவிட்டு, "பிரஷர் 110க்கு 60 காட்டுது, நல்லாத்தானே இருக்கு, ஏன் மருந்து ஏத்துறாங்க?" என்று கேட்டார். சாதாரணமாகப் பார்த்தால் நல்ல பிரஷர்தான். ஆனால் அடிபட்டு வீங்கிய தண்டுவடத்துக்கு ரத்தம் போய்ச் சேர அது போதாமல் போகலாம். அதனால் அங்கே சராசரி அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட அது வரும். அவருக்கு 77. அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர்களின் 2013 வழிகாட்டுதல், இத்தகைய காயத்தில் ஏழு நாட்களுக்கு அதை 85 முதல் 90 வரை வைத்திருக்கச் சொன்னது. 2024இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் அதைத் தளர்த்தி, 75 முதல் 80க்குக் கீழே இறங்காமல், மூன்று முதல் ஏழு நாள் போதும் என்கிறது.

எண் எப்படி மாறியது? மானிட்டருக்கு இந்த நிமிடத்து அழுத்தம்தான் தெரியும். அந்த மனிதர் ஆறு மாதம் கழித்துக் காலை ஊன்றி நடக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. எந்த அழுத்தத்தில் வைத்திருந்தவர்கள் பிறகு எப்படி ஆனார்கள் என்று, வீட்டுக்குப் போனவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்துப் பார்த்தால்தான் மானிட்டரின் எண்ணுக்கே அர்த்தம் கிடைக்கிறது. ஐசியூவில் விநாடிக்கு விநாடி கண்காணிக்கிறோம். ஆனால் டிஸ்சார்ஜ் ஆனவுடன் கண்காணிப்பு அறுந்துவிடுகிறது. அந்த இடத்தில் எங்களிடம் இருப்பது ஒரு கேள்வித்தாளும் ஒரு போனும்தான்.

கீழ்முதுகு வலிக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு கேள்வித்தாளுக்கு ஆஸ்வெஸ்ட்ரி என்று பெயர். 1980இல் இங்கிலாந்தில் வெளியானது. நடை, உட்காருதல், தூக்கம், பாரம் தூக்குதல் என்று பத்துப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண். மதிப்பெண் கூடினால் முடக்கம் கூடுதல் என்று அர்த்தம். அதில் தாம்பத்தியம் பற்றியும் ஒரு பகுதி உண்டு. நம் ஊரில் அதைப் பெரும்பாலும் காலியாக விட்டுவிடுவார்கள், நானும் வற்புறுத்துவதில்லை. அப்போது 50க்குப் பதில் 45க்குக் கணக்கிடலாம் என்று விதியே இருக்கிறது.

உட்காரும் கேள்வியில்தான் நான் ஒருமுறை தவறினேன். "நாற்காலியில் உட்கார முடிகிறதா?" என்று தாளில் இருந்தபடியே கேட்டேன். "முடியுதும்மா" என்றார் ஒரு பாட்டி. பூஜ்யம் போட்டேன். போனை வைக்கும்போது, "தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆறு மாசமாச்சு, சாப்பாடுகூட நின்னுக்கிட்டேதான்" என்றார். அன்றிலிருந்து தரையையும் சேர்த்துக் கேட்டுத் தனியாகக் குறித்துக்கொள்கிறேன்.

சரி, பதில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? நூறு பேருக்கு ஆபரேஷன் நடந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் கழித்து அறுபது பேர் பதில் சொல்கிறார்கள், அதில் 54 பேர் நலம் என்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வெற்றி என்று எழுதிவிடலாம். மிச்சம் நாற்பது பேர்? நலமானவர்கள் வயல் வேலையில் மும்முரமாக இருக்கலாம். வலி தீராதவர்கள் எங்கள் மேல் நம்பிக்கை விட்டு வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். உண்மை 54க்கும் 94க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, வலி தீராதவரின் பதில்தான் அதிகம் தேவை. அது தொலைந்து போனால் வெற்றி இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

ஒரு வருடம் வரை விடாமல் விசாரிப்பதை நெதர்லாந்தில் செய்து காட்டினார்கள். ஜவ்வு பிதுங்கிக் காலுக்கு இறங்கும் கடுமையான வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரமாக இருந்த 283 பேரைச் சீட்டுப் போடுவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மற்றவர்களுக்குப் பொறுத்திருந்து பார்க்கும் சிகிச்சை. 2007இல் முடிவு வெளியானது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் குணமானதாகச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு நடுவில் ஆபரேஷன் தேவைப்பட்டது என்பதும் உண்மை. இன்று எங்கள் ஓபியில் "உடனே பண்ணணுமா?" என்று பதறும் குடும்பத்துக்கு டாக்டர் நிதானமாகப் பதில் சொல்ல முடிகிறதென்றால், முகம் தெரியாத அவர்கள் ஒரு வருடம் பொறுமையாகப் பதில் சொன்னதால்தான். (ஒன்று மட்டும்: சிறுநீர் போவதில் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, கால் பலம் இழந்தாலோ காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே வாருங்கள்.)

ஆய்வில் சேரும்போது தமிழில் விளக்கத் தாள் தருவார்கள், படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. பணமும் கேட்க மாட்டோம். வர முடியாவிட்டால் போனிலேயே சொல்லுங்கள். நம்பர் மாறினால் தெரியப்படுத்துங்கள். மகன் நம்பரைக் கொடுத்தால், மகன் சென்னையில் இருக்கிறார், எங்களுக்கு நீங்கள் கிடைப்பதில்லை.

கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அம்மா ஒருவர். ஆபரேஷன் ஆகி ஒரு வருடத்தில் கூப்பிட்டு, பாரம் தூக்க முடிகிறதா என்று கேட்டேன். "தலையில ஏத்திவிட்டா சுமந்துடுவேன், இறக்கி வைக்கத்தான் ஆள் வேணும்" என்றார். ஆறு பதில்களில் எதிலும் இது இல்லை. ஓரத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அவருக்கு இரண்டு வருடம் ஆகிறது. ஏலம் முடிந்து பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.