வேலை போச்சு, 30 நாள்தான் இருக்கு: கர்த்தர் எந்த வழியைக் காட்டுறார்?

அடுத்து ஒரு சகோதரர் கேட்டிருக்கார். பேர் சொல்ல வேண்டாம்னு எழுதியிருக்கார். கேள்வியை மட்டும் வாசிக்கிறேன். "ஐயா, சிங்கப்பூர்ல எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல, அதாவது வெளிநாட்டுக்காரங்களுக்கான வேலை அனுமதியில, வேலை பார்க்கிறேன். கம்பெனியில ஆட்குறைப்பு. மாசக் கடைசியோட பாஸ் கேன்சல் ஆகிடும். மனைவி, தொடக்கப்பள்ளியில படிக்கிற பொண்ணு ரெண்டு பேரும் என் பாஸை நம்பின டிபெண்டன்ட் பாஸ்ல இருக்காங்க. இங்கேயே வேற வேலை தேடுறதா, திருநெல்வேலிக்கே திரும்பிப் போறதான்னு ஜெபிக்கிறேன், பதில் வரல. புத்தாண்டு ஆராதனையில எடுத்த வாக்குத்தத்த அட்டையில 'உன்னைப் பெருகப்பண்ணுவேன்'னு வந்துச்சு. அப்போ இங்கேயே இருன்னு அர்த்தமா? கர்த்தர் நடத்துவார்னு நம்புறேன், எந்த வழின்னுதான் தெரியல."

தம்பி, அந்த அட்டையில இருக்கிற வசனம் சத்தியம். ஆனா அதுல சிங்கப்பூர்னும் இல்ல, திருநெல்வேலின்னும் இல்ல. அதை வச்சு ஊரைத் தீர்மானிக்காதீங்க. ஒரு குடும்பத்தோட வாழ்க்கையை ஒரு அட்டை மேல வைக்கச் சொல்லி வேதம் எங்கேயும் சொல்லல.

இப்போ அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்துக்கு வாங்க. உங்க நிலைமையிலதான் பவுல், சீலா, தீமோத்தேயு மூணு பேரும் நிக்கிறாங்க. பிரிகியா, கலாத்தியா நாடுகளைக் கடந்து வர்றாங்க. ஆசியாவுல வசனம், அதாவது இயேசுவைப் பத்தின செய்தியை, சொல்லணும்னு ஆசை. அந்த ஆசியா இன்னைக்கு நாம சொல்ற கண்டம் இல்ல. துருக்கியோட மேற்குப் பக்கம், எபேசு பட்டணம் இருந்த மாகாணம். பரிசுத்த ஆவியானவர் தடுத்துட்டார். சரின்னு பித்தினியா பக்கம் போகப் பார்க்கிறாங்க. அதுக்கும் இடங்கொடுக்கல. போகக் கூடாத இடம் ரெண்டும் தெரிஞ்சுடுச்சு, போக வேண்டிய இடத்தை யாரும் சொல்லல! ஊழியத்துக்குத்தான் போறாங்க, சொந்த லாபத்துக்கு இல்ல. அப்படிப்பட்டவங்களுக்கே இந்த நிலைமை. கால்நடையா பல நூறு கிலோமீட்டர் நடந்து துரோவான்னு ஒரு துறைமுகத்துக்கு வந்து சேர்றாங்க. அதுக்கு மேல கடல். அங்கதான் ராத்திரியில தரிசனம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மக்கெதோனியா தேசத்தான் ஒருத்தன் நின்னு, வந்து எங்களுக்கு உதவி செய்யுங்கன்னு கூப்பிடுறான்.

அந்தத் தரிசனம் கலாத்தியாவுல வரல, நடந்து வந்த பிறகு வந்துச்சு. அதுவரைக்கும் அவங்க கையில இருந்தது, தெரிஞ்ச வேலையைச் செய்யறதும், அடைஞ்ச கதவை இடிக்காம அடுத்ததைத் தட்டுறதும்தான். நம்ம ஜனங்கள்ல நிறைய பேர், 'தெளிவா ஒரு வார்த்தை வந்தாத்தான் எழுந்திருப்பேன்'னு உட்கார்ந்துடுறாங்க. அதுக்கு விசுவாசம்னு பேரும் வச்சுடுறாங்க. நீதிமொழிகள் 16:9 என்ன சொல்லுது? மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும். அவன் நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர். யோசிக்கிற வேலையை அவர் நம்மகிட்டதான் கொடுத்திருக்கார்.

அப்போ நீங்க கேட்கலாம்: ஐயா, இங்கே வேலை கிடைக்கலன்னா அது கர்த்தர் அடைச்ச கதவா, பாஸ் கொடுக்கிற மனிதவள அமைச்சு அடைச்ச கதவா? நியாயமான கேள்வி. 2023 செப்டம்பர்ல இருந்து புது எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்துக்கு காம்பஸ்னு புள்ளி முறை வந்திருக்கு. பொதுவா 40 புள்ளி வேணும். சம்பளம், படிப்பு, அந்தக் கம்பெனியில எந்த நாட்டுக்காரங்க எவ்வளவு பேர் இருக்காங்க, எல்லாத்தையும் பார்க்கிறாங்க. உங்க ஜெபத்துல குறை இருந்ததால புள்ளி குறைஞ்சதுன்னு யாராவது சொன்னா தயவுசெய்து நம்பாதீங்க. அந்த மாதிரி பேச்சு எத்தனையோ நல்ல விசுவாசிகளை நொறுக்கியிருக்கு. பவுலை ஆவியானவர் எப்படித் தடுத்தார்னு, அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதின லூக்கா எழுதவே இல்ல. வியாதியாலயோ, வழி ஆபத்தாலயோ, உள்ளத்துல வந்த பாரத்தாலயோ, எதுவா இருந்தாலும் அதுல கர்த்தருடைய கை இருந்துச்சுன்னு மட்டும் எழுதினார். இயேசு பெத்லகேம்ல பிறக்கணும்னு மீகா தீர்க்கதரிசி முன்னமே சொல்லியாச்சு. ஆனா நாசரேத்துல இருந்த மரியாளை அங்கே கொண்டுவந்தது ரோமப் பேரரசர் அகுஸ்து இராயனோட குடிமதிப்புக் கட்டளை. அந்த இராயனுக்கு மீகாவும் தெரியாது, மரியாளும் தெரியாது. அரசாங்கச் சட்டம் கர்த்தர் கைக்கு வெளியே இல்ல தம்பி.

இன்னொண்ணு. தரிசனம் கண்டது பவுல் ஒருத்தர். ஆனா பத்தாவது வசனத்துல கர்த்தர் எங்களை அழைத்திருக்கிறார்னு 'நாங்கள்' நிச்சயித்துக்கொண்டோம்னு இருக்கு. சேர்ந்து உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்காங்க. நீங்க எழுதின இந்தக் கேள்வியில உங்க மனைவி என்ன நினைக்கிறாங்கன்னு ஒரு வரி இல்ல. கேட்டீங்களா? அவங்களும் ஜெபிக்கிறவங்கதானே? உங்ககிட்ட கர்த்தர் பேசலன்னு சொல்றீங்க. ஒருவேளை பக்கத்து அறையில இருக்கிறவங்க மூலமா பேசிட்டு இருக்கலாம். பொண்ணுகிட்டயும் சொல்லுங்க, அவ வயசுக்குப் புரியற மாதிரி. வீட்டுல பெரியவங்க குசுகுசுன்னு பேசினா பிள்ளைங்களுக்குப் பயம்தான் அதிகமாகும்.

சரி, கர்த்தர் காட்டின வழின்னா அது சுகமா இருக்கும்னு ஒரு எண்ணம் நமக்கு உண்டு. அந்தத் தரிசனத்தை நம்பி மக்கெதோனியாவுல பிலிப்பி பட்டணத்துக்குப் போன பவுலுக்கும் சீலாவுக்கும் என்ன நடந்துச்சு? துணியைக் கிழிச்சு அடிச்சாங்க, உள்காவலறையில போட்டு காலைத் தொழுமரத்துல மாட்டினாங்க. தப்பான ஊருக்கு வந்துட்டோமோன்னு சொல்ல எல்லா நியாயமும் இருந்துச்சு. அவங்க நடுராத்திரியில பாடினாங்க. அதே ஊர்ல முதல்ல இருதயம் திறந்தது யாருக்கு? லீதியாளுக்கு. அவ எந்த ஊர்க்காரி? தியத்தீரா. அந்த ஊர் எங்கே இருக்கு? பவுல் போக முடியாம தடுக்கப்பட்டாரே, அதே ஆசியாவுல! இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அதோட முடியல. 19-ஆம் அதிகாரத்துல அதே பவுல் எபேசுல ரெண்டு வருஷம் தங்கி உபதேசம் பண்றார், ஆசியாவுல குடியிருந்த எல்லாரும் வசனத்தைக் கேட்டாங்கன்னு இருக்கு. அன்னைக்கு அடைஞ்ச கதவு பிறகு திறந்துச்சு. சிங்கப்பூர் இப்போ அடைஞ்சா என்னைக்கும் அடைஞ்சதுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

ஊருக்குத் திரும்பிப் போறதைப் பத்தி உங்களுக்குள்ள ஒரு வெட்கம் இருக்கும்னு நினைக்கிறேன். நீங்க எழுதல, ஆனா இங்கே நம்ம சபைகளுக்கு வர்ற பிள்ளைங்ககிட்ட இதை நிறைய பார்க்கிறேன். 'வெளிநாட்டுல இருந்து ஏன் வந்துட்டேன்னு சொந்தக்காரங்க கேட்பாங்களே, வீட்டுக் கடன் இன்னும் முடியலயே.' வேதத்துல ரூத் புத்தகத்துல வர்ற நகோமியை நினைச்சுப் பாருங்க. மோவாப் தேசத்துல சுமார் பத்து வருஷம். புருஷனும் போயாச்சு, ரெண்டு மகன்களும் போயாச்சு. பெத்லகேமுக்குத் திரும்பி வந்து, நிறைவுள்ளவளாப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாத் திரும்பி வரப்பண்ணினார்னு ஊரார் முன்னாடியே அழுதா. அவ அழுதது தப்புன்னு வேதம் சொல்லல. ஆனா வெறுமைன்னு அவ சொன்னப்போ பக்கத்துலயே மருமக ரூத் நின்னா. அந்த ரூத்தோட வம்சத்துலதான் தாவீது ராஜா வந்தார். திரும்பி வந்த வழியிலேயே கர்த்தர் இருந்தார். அந்த நேரத்துல நகோமியால அதைப் பார்க்க முடியல.

செய்ய வேண்டியதைச் சொல்றேன். பாஸ் கேன்சல் ஆனா பொதுவா 30 நாள் இங்கே தங்க அனுமதி கொடுப்பாங்க. உங்க அனுமதியில என்ன தேதின்னு பார்த்து வச்சுக்குங்க. புது கம்பெனி விண்ணப்பம் போட்டு பதில் வரவே ரெண்டு வாரம் போயிடும், அதனால இன்னைக்கே ஆரம்பிங்க. வரிக் கணக்கு முடியறவரைக்கும் கடைசி சம்பளத்தைக் கம்பெனி பிடிச்சு வைக்கும், அதுக்கும் தயாரா இருங்க. காசு கொடுத்தா பாஸ் போட்டுத் தரேன்னு எவனாவது வந்தா அவன்கிட்ட போகாதீங்க, அது குற்றம். பொய்யை வச்சு கர்த்தர் யாரையும் நடத்துறதில்ல. அற்புதம் நடக்கும்னு சொல்லி தேதி தாண்டி ஒரு நாள்கூட தங்காதீங்க. நீங்களும் மனைவியும் இப்போவே ஒரு தேதியைக் குறிச்சு, அதுக்குள்ள வேலை உறுதியாகலன்னா டிக்கெட் போடுறதுன்னு முடிவு பண்ணுங்க. பொண்ணோட பள்ளிச் சான்றிதழ்களையும் கேட்டு வாங்கி வைங்க. பணக் கஷ்டம் இருந்தா உங்க சபைப் போதகர்கிட்ட வாய் விட்டுச் சொல்லுங்க, மறைக்காதீங்க. நீங்க பேரை மறைச்சாலும் கர்த்தருக்கு உங்களைத் தெரியும். எங்க வீட்டு ஜெபத்துல இந்த மாசம் முழுக்க உங்க குடும்பம் இருக்கும்.

சரி, அடுத்த கேள்வி, ஒரு சகோதரி கேட்டிருக்காங்க.